ஒரே மாத்திரை, இரண்டு வேகம்: பிரஷர் கூட்டு மாத்திரைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.பார்ம். இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டால் போதும், "சார், பைலேயர் மாத்திரையில் புராஜெக்ட் எடுத்திருக்கிறேன்" என்று போன் வர ஆரம்பித்துவிடும். பைலேயர் என்றால் இரண்டு அடுக்கு மாத்திரை. மாத்திரை உருவாக்கும் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நடுநடுவே தெருக்காரர்களும் மாத்திரை அட்டையை நீட்டி, "இதில் எக்ஸ்.எல். என்று போட்டிருக்கிறதே, அது என்ன?" என்பார்கள். மருந்தை மெதுவாக விடும் மாத்திரை என்பதற்கான குறி அது. இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணமாக ஒரே ஜோடியைப் பிடித்துக்கொள்கிறேன்: மெதுவாக வெளியாகும் மெட்டோப்ரோலால் சக்சினேட், உடனே கரையும் அம்லோடிபைன். இந்திய மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற ஜோடிதான்.

ஒரு மாத்திரைக்குள் இரண்டு மருந்து எதற்கு? தனித்தனியாகப் போட்டுக்கொண்டால் ஆகாதா?

ஆகும். ஆனால் போட்டுக்கொள்ள மாட்டார்கள், அதுதான் சங்கடம். பிரஷர் பெரும்பாலும் வலிக்காது, காய்ச்சல் வராது. எதுவுமே செய்யாத நோய்க்கு எதற்கு மூன்று மாத்திரை என்று முதலில் ஒன்றை விடுவார்கள், அப்புறம் இன்னொன்றை.

மருந்தியல் காரணமும் உண்டு. ஒரு மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வழியில் வேலை செய்யும் இரண்டாவது மருந்தைச் சேர்த்தால் அழுத்தம் ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாகக் குறைகிறது என்று, 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வால்ட் குழுவினர் 2009இல் காட்டினார்கள். இலங்கையில் 700 நோயாளிகளிடம் நடந்த ட்ரையம்ஃப் ஆய்வு 2018இல் வெளியானது. டெல்மிசார்டன் 20 மி.கி., அம்லோடிபைன் 2.5 மி.கி., குளோர்தாலிடோன் 12.5 மி.கி. மூன்றும் ஒரே மாத்திரையில். ஆறு மாதத்தில் இலக்கு அழுத்தத்தை எட்டியவர்கள் இந்த மாத்திரை எடுத்தவர்களில் 70 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த மூன்று மருந்தில் எதற்குமே மெதுவாக விடும் தொழில்நுட்பம் தேவைப்படவில்லை. மூன்றும் இயல்பிலேயே உடம்பில் நீண்ட நேரம் தங்குபவை.

அப்படியானால் எந்த மருந்துக்கு அது தேவை?

முதலில் பார்க்க வேண்டியது அரை ஆயுள். இரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் அது. அம்லோடிபைனுக்கு 30 முதல் 50 மணி நேரம். இன்று ஒரு வேளை மறந்தாலும் நாளைவரை பெரிதாக இறங்காது. மெட்டோப்ரோலாலுக்கு 3 முதல் 7 மணி நேரம்தான். சாதாரண மாத்திரையாகக் கொடுத்தால் காலையில் உச்சிக்கு ஏறும், சாயங்காலம் தரையில் கிடக்கும்.

மெட்டோப்ரோலாலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதயத்தில் உள்ள பீட்டா-1 ஏற்பிகளை மட்டும் தேர்ந்து தடுப்பது அதன் சிறப்பு. இரத்த அளவு மிக உயர்ந்தால் அந்தத் தேர்வு மங்கி, மூச்சுக்குழாயில் உள்ள பீட்டா-2 ஏற்பிகளையும் தொட ஆரம்பித்துவிடும். உச்சத்தைத் தட்டையாக்கினால் அந்தத் தொல்லை குறையும்.

ஆகவே "அம்லோடிபைன் எஸ்.ஆர். (மெதுவாக விடும்) மாத்திரை" என்று யாராவது புராஜெக்ட் தலைப்பு கொண்டுவந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். இருட்டாத ஊரில் விளக்குக் கம்பம் நடுகிற வேலை அது.

வேகமாகக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? அழுத்தம் சீக்கிரம் இறங்கினால் நல்லதுதானே?

நிஃபெடிபைன் கதையைச் சொன்னால்தான் இது புரியும். ஒரு காலத்தில் அவசரப் பிரிவில் அழுத்தம் ஏறி வந்தவருக்கு 10 மி.கி. நிஃபெடிபைன் கேப்சூலைக் குத்தி நாக்கடியில் பிழிந்துவிடுவது வழக்கம். நாக்கடியில் அது சரியாக உறிஞ்சப்படுவதுகூட இல்லை; விழுங்கிய எச்சிலோடு குடலுக்குப் போய்த்தான் வேலை செய்தது. ஆனால் செய்த வேலை முரட்டு வேலை. சில நிமிடங்களில் அழுத்தம் சடாரென்று விழும், இதயம் பதறி வேகமாகத் துடிக்கும். சிலருக்கு மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போதாமல் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில், இந்தப் பழக்கத்தை நிறுத்திவைக்க வேண்டாமா என்று கேட்டே ஒரு கட்டுரை வந்தது.

அதே நிஃபெடிபைனுக்கு 1989இல் அமெரிக்காவில் இன்னொரு வடிவம் வந்திருந்தது. ஆல்சா நிறுவனத்தின் சவ்வூடுபரவல் பம்ப். மாத்திரையைச் சுற்றி நீரை மட்டும் உள்ளே விடும் ஒரு சவ்வு. உள்ளே இரண்டு அடுக்கு: மேலே மருந்து, கீழே நீர்பட்டால் ஊதிப் பெருகும் பாலிமர். சவ்வில் லேசர் போட்ட ஒரே ஒரு பொடித் துளை. நீர் உள்ளே இறங்க இறங்கக் கீழ் அடுக்கு பிஸ்டன் மாதிரி மேலே தள்ளும், மருந்து துளை வழியாகச் சீராக வெளியே வரும், கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க. மூலக்கூறு மாறவில்லை. கொடுக்கும் வேகம்தான் மாறியது. நோயாளிகள் தினமும் ஒரு வேளை போட்டுக்கொண்டு நடமாடினார்கள்.

மெட்டோப்ரோலாலுக்கும் அந்தப் பம்பையே போட்டுவிடலாமே?

போடலாம், செலவு அதிகம். நம் ஊர்க் கம்பெனிகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிப்பார்கள்.

ஒன்று பெல்லட் வழி. மருந்தைச் சிறு மணிகளாக்கி, ஒவ்வொன்றின் மேலும் தண்ணீரில் கரையாத எத்தில் செல்லுலோஸ் பூசி, அவற்றை மாத்திரையாக அழுத்துவது. மூல நிறுவனமான ஆஸ்ட்ரா செய்தது இப்படித்தான். விழுங்கிய பிறகு மாத்திரை கலைந்துவிடும், நூற்றுக்கணக்கான மணிகள் தனித்தனியாக மருந்தை விடும். ஒரு மணி உடைந்தாலும் மொத்தக் கணக்கு கெடாது. ஆனால் அழுத்தும்போது பூச்சு விரிசல் விடாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடு.

மற்றது மேட்ரிக்ஸ் வழி. எச்.பி.எம்.சி. என்கிற ஹைட்ராக்சிபுரோப்பில் மெத்தில் செல்லுலோஸோடு மருந்தைக் கலந்து அழுத்திவிடுவது. தண்ணீர் பட்டதும் மேற்பரப்பு கஞ்சியின் ஆடை மாதிரிக் கூழாகிவிடும். மருந்து அந்தக் கூழ் வழியாக ஊடுருவியும், கூழ் தேயத் தேய அதோடு சேர்ந்தும் வெளியே வரும். மலிவு, சாதாரண மெஷினே போதும். கல்லூரி ஆய்வகத்துக்கு இதுதான் தோது.

எச்.பி.எம்.சி. எந்த கிரேடு, எவ்வளவு?

கே4எம், கே15எம், கே100எம் என்று டப்பாவில் போட்டிருக்கும் எண், அதன் 2 சதவீதக் கரைசலின் பாகுத்தன்மையைச் சொல்கிறது: சுமார் 4,000, 15,000, 1,00,000 மில்லிபாஸ்கல்-நொடி. எண் கூடினால் கூழ் கெட்டியாகும், மருந்து மெதுவாக வரும்.

மெட்டோப்ரோலால் சக்சினேட் தண்ணீரில் தாராளமாகக் கரைகிற மருந்து. முதல் ஒரு மணி நேரத்திலேயே ஓடிவிடப் பார்க்கும். அதனால் பாலிமர் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நேரத்தை வீணாக்காதீர்கள். நான் முதல் முயற்சிக்கு எடுத்துக்கொள்வது இப்படி இருக்கும்: 250 மி.கி. அடுக்கில் மருந்து 47.5, கே100எம் 110, எத்தில் செல்லுலோஸ் 25, மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸ் 62.5, ஏரோசில் 2.5, மெக்னீசியம் ஸ்டியரேட் 2.5 மி.கி. இது விடை இல்லை, தொடக்கம். இதிலிருந்து நகர்த்திப் பாருங்கள்.

மாணவர்கள் கவனிக்காமல் விடுவது பாலிமரின் துகள் அளவை. எச்.பி.எம்.சி. கரடுமுரடாக இருந்தால் கூழ் உருவாவதற்குள் தண்ணீர் இடுக்குகளில் புகுந்துவிடும், மாத்திரை கூழாவதற்குப் பதில் உதிரும். "அதே ஃபார்முலாதான் சார், போன மாதம் நன்றாக வந்தது" என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது புது லாட் (வேறு தயாரிப்புத் தொகுதி) வாங்கினீர்களா என்றுதான்.

இன்னொன்று, 50 மி.கி. மாத்திரைக்கு வேலை செய்த அதே விகிதத்தை அப்படியே பாதியாக்கினால் 25 மி.கி. மாத்திரை வேகமாகக் கரையும். சின்ன மாத்திரைக்குக் கனஅளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். அப்பளத்தை முழுதாகப் போட்டாலும் துண்டாக்கிப் போட்டாலும் ஒரே மாதிரி பொரிவதில்லையே, அதுபோல.

47.5 மி.கி. என்பது ஏன்? அட்டையில் 50 என்றுதானே இருக்கிறது?

பழைய சாதாரண மாத்திரை மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் உப்பில் இருந்தது. 50 மி.கி. டார்ட்ரேட்டில் இருக்கும் அதே அளவு மெட்டோப்ரோலால், 47.5 மி.கி. சக்சினேட்டில் இருக்கிறது. மருத்துவர்களுக்குப் பழகிய எண் மாறக்கூடாது என்று 50 என்றே எழுதுகிறார்கள். அம்லோடிபைனிலும் இதே கூத்து: 5 மி.கி. அம்லோடிபைன் வேண்டுமானால் 6.93 மி.கி. பெசிலேட் உப்பு போட வேண்டும். புராஜெக்ட் அறிக்கையில் 5 மி.கி. பெசிலேட் எடைபோட்டுவிட்டு, கடைசியில் அளவு 72 சதவீதம்தான் வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

இரண்டையும் ஒன்றாகக் கலந்து அழுத்தினால் என்ன? எதற்கு இரண்டு அடுக்கு?

ஒன்றாகக் கலந்தால் அம்லோடிபைனும் அந்தக் கூழுக்குள் மாட்டிக்கொள்ளும். அதை மெதுவாக விடத் தேவையில்லை என்று இப்போதுதான் பார்த்தோம். அது ஒரு காரணம்.

பெரிய காரணம் ஒத்துப்போகாமை. அம்லோடிபைனில் ஓர் அமீன் தொகுதி இருக்கிறது. லாக்டோஸ் மாதிரியான சர்க்கரையோடு ஈரமும் சூடும் சேர்ந்தால் இரண்டும் வினைபுரிந்து பழுப்பேறும், தோசை ஓரம் முறுகுகிற அதே வேதியியல்தான். அதனால் அம்லோடிபைன் அடுக்கில் லாக்டோஸைத் தவிர்த்து டைபேசிக் கால்சியம் பாஸ்பேட்டும் மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸும் போடுவது வழக்கம். ஒரே கலவையாக்கினால் ஒரு மருந்துக்குத் தோதான துணைப்பொருளை இன்னொன்று சகிக்க வேண்டியிருக்கும்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் டெல்மிசார்டன். பி.எச். 3 முதல் 9 வரை அது தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். கரையவைக்கச் சோடியம் ஹைட்ராக்சைடு, மெக்லூமின் போன்ற காரப் பொருட்களோடு சேர்த்துத் தயாரிக்கிறார்கள். அந்தக் காரம் அம்லோடிபைனுக்கு ஆகாது. 2009இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெல்மிசார்டன்-அம்லோடிபைன் மாத்திரை இரண்டு அடுக்காக வந்தது. அங்கே யாரும் எதையும் மெதுவாக விடவில்லை. இரண்டு பேரும் சண்டை போடாமல் இருக்க நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான். காரம் கலந்த அடுக்கு ஈரத்தை இழுக்கும் என்பதால்தான் டெல்மிசார்டன் மாத்திரையைச் சாப்பிடும்வரை அட்டையை விட்டுப் பிரிக்காதீர்கள் என்கிறார்கள். வாரத்துக்கு வேண்டியதைப் பிரித்து டப்பாவில் போட்டு வைக்கும் வீடுகளில் இதைக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.

ரேமிப்ரில் இன்னும் மோசம். அழுத்துகிற அழுத்தத்திலேயே கொஞ்சம் சிதையும், ஈரம் பட்டால் மேலும். அதை மெட்டோப்ரோலால் மேட்ரிக்ஸோடு சேர்ப்பதாக இருந்தால் முதல் மாதமே நிலைத்தன்மைச் சோதனையைத் தொடங்கிவிடுங்கள், கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுக்குகள் பிரிந்து விழுகின்றன. என்ன செய்வது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் இதே மாதிரி ஒரு இரண்டடுக்கு மாத்திரை. மெஷினில் பார்த்தால் அழகு. ஹார்ட்னஸ் சரி, ஃப்ரையபிலிட்டி, அதாவது உருட்டும்போது உதிரும் அளவு, 1 சதவீதத்துக்குக் கீழே. பேட்ச் முடிந்து கோட்டிங் பேனில் போட்டுச் சுழற்றி இருபது நிமிடம் ஆகியிருக்காது, வெள்ளை அடுக்கு தனி, இளஞ்சிவப்பு அடுக்கு தனி. பொரிகடலைத் தோல் கழன்ற மாதிரி. பாலிமரைக் குறை சொன்னோம், ஈரத்தைக் குறை சொன்னோம், குருணையை மறுபடி உலர்த்தினோம். மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது: முதல் அடுக்கின் எடை தடுமாறுகிறது என்று அந்த ஷிஃப்டில் இருந்தவர் முதல் அழுத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார். எடை நின்றுவிட்டது. ஆனால் முதல் அடுக்கின் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டது. வழவழப்பில் இரண்டாவது அடுக்கு எதைப் பிடித்துக்கொள்ளும்?

முதல் அடுக்கை லேசாகத் தட்டி நிறுத்த வேண்டும், நகத்தால் கீறினால் பொடி வரும் அளவுக்கு. முழு அழுத்தமும் இரண்டாவது அடுக்கு விழுந்த பிறகுதான். மெக்னீசியம் ஸ்டியரேட்டை முடிந்த மட்டும் குறையுங்கள். மெஷினின் அழுத்தும் அச்சில் (பஞ்ச்) மாத்திரை ஒட்டாமல் இருக்கப் போடுவது, அடுக்குகளையும் ஒட்டவிடாது. கலக்கும் நேரத்தையும் சுருக்குங்கள். இரண்டு குருணையின் துகள் அளவும் ரொம்ப வித்தியாசமாக இருக்கக் கூடாது. பெரிய அடுக்கை, அதாவது மெட்டோப்ரோலாலை, முதலில் நிரப்புவது வசதி.

அழுத்தம் விலகியதும் இரண்டு அடுக்கும் கொஞ்சம் விரியும். ஒன்று அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் விரிந்தால் நடுவில் விரிசல் காத்திருக்கும். அன்றைக்குத் தெரியாது. அதனால் மாத்திரையை அடித்த அன்றே எல்லாம் சரி என்று எழுதிவிடாமல், சில நாள் வைத்திருந்து மறுபடி ஃப்ரையபிலிட்டி போடுங்கள்.

அடுக்குக்கு நிறம் எதற்கு?

அழகுக்கு இல்லை. ஒரு பக்கம் அயர்ன் ஆக்சைடு கலந்தால்தான் ஓர் அடுக்கின் தூள் இன்னோர் அடுக்கில் கலந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். மெஷினில் தூள் உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொண்டால் முதலில் காட்டிக்கொடுப்பது நிறம்தான்.

அம்லோடிபைன் எல்லா மாத்திரையிலும் சமமாக இருப்பதை எப்படி உறுதி செய்வது?

150 மி.கி. அடுக்கில் 6.93 மி.கி. என்றால் ஐந்து சதவீதம்கூட இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிக் கலக்காதீர்கள். மருந்தின் எடைக்குச் சமமாகக் கொஞ்சம் துணைப்பொருள், கலந்ததும் மறுபடி அதே அளவு, இப்படி இரட்டித்து இரட்டித்துப் போங்கள். வீட்டில் மாவுக்கு மஞ்சள்தூள் கலக்கிற கைப்பக்குவம்தான். அம்லோடிபைன் வெளிச்சத்திலும் கெடும். கலவையை ஜன்னலோரம் திறந்து வைக்காதீர்கள்.

டிசொல்யூஷன் (மருந்து கரைந்து வெளியாகும் வேகம்) சோதனையை எந்தக் கரைசலில் செய்வது? ஒரே கரைசலில் இரண்டையும் அளக்கலாமா?

அமெரிக்க மருந்துநூல் தனித்தனி மாத்திரைகளுக்குச் சொல்வதைப் பாருங்கள். மெட்டோப்ரோலால் சக்சினேட்டுக்குப் பி.எச். 6.8 பாஸ்பேட் கரைசல் 500 மி.லி., கலக்கும் துடுப்பு நிமிடத்துக்கு 50 சுற்று. 1 மணியில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 4 மணியில் 20 முதல் 40, 8 மணியில் 40 முதல் 60, 20 மணியில் 80க்குக் குறையாமல். அம்லோடிபைனுக்கு 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 500 மி.லி., துடுப்பு 75 சுற்று, 30 நிமிடம்.

அம்லோடிபைன் அமிலத்தில் நன்றாகக் கரையும், 6.8இல் தயங்கும். ஒரே கரைசலில் இரண்டையும் முடித்துவிடுகிறேன் என்று அடம்பிடித்தால் நல்ல அம்லோடிபைன் அடுக்கைக் கெட்டது என்று முடிவுகட்டிவிடுவீர்கள். இரண்டு தனிச் சோதனையாகச் செய்வதே நிம்மதி. ராத்திரி முழுக்க ஓடும் சோதனை என்பதால் மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். பதினெட்டாவது மணியில் கரண்ட் போனவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

"ஹிகுச்சி மாடலுக்குப் பொருந்துகிறது" என்று எழுதினால் போதுமா?

எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிற வரி. ஹிகுச்சி 1961இல் சொன்னது, வெளியாகும் மருந்து நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும் என்பது. கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் சமன்பாடு 1983இல் வந்தது. அதில் கிடைக்கும் அடுக்குக்குறி (எக்ஸ்போனன்ட்) உருளை வடிவ மாத்திரைக்கு 0.45 என்றால் ஊடுருவல், 0.89 என்றால் பாலிமர் தளர்வு, நடுவில் இருந்தால் இரண்டும் கலந்தது.

பெப்பாஸ் சமன்பாடு முதல் 60 சதவீத வெளியீட்டுக்குத்தான் பொருந்தும். மாணவர்கள் 100 சதவீதம்வரை எல்லாப் புள்ளியையும் எக்செல்லில் போட்டு கோடு இழுக்கிறார்கள். வருகிற எண்ணுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. நான்கு மாடலுக்கும் ஆர்-ஸ்கொயர் (கோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற எண்) 0.97க்கு மேல் வந்தால் மாடல் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஆகாது, புள்ளிகள் போதவில்லை என்றுதான் அர்த்தம். நேர்முகத் தேர்வில் நான் உட்கார்ந்திருந்தால் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.

கடையில் விற்கும் மாத்திரையோடு ஒப்பிடுவது எப்படி?

எஃப்-2 என்ற ஒப்புமை எண். 50 முதல் 100க்குள் இருந்தால் இரண்டு மாத்திரையின் வெளியீட்டுக் கோடுகளும் ஒத்துப்போகின்றன என்று கொள்வார்கள். 12 மாத்திரை, ஒரே நேரப் புள்ளிகள், 85 சதவீதத்துக்கு மேல் ஒரே ஒரு புள்ளிதான். நாலைந்து புள்ளிகளைத் தட்டையான இடத்திலிருந்து பொறுக்கிச் சேர்த்தால் எந்த மாத்திரைக்கும் 70 வாங்கிவிடலாம், ஆகவே அடுத்தவர் அறிக்கையைப் படிக்கும்போதும் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

கண்ணாடிப் பாத்திரத்தில் ஒத்துப்போவது உடம்பில் ஒத்துப்போவதற்கு உத்தரவாதம் இல்லை. கம்பெனி செய்யும்போது மனிதர்களிடம் பயோஈக்விவலன்ஸ் ஆய்வு (இரத்தத்தில் சேரும் அளவு மூல மாத்திரைக்குச் சமமா என்று பார்ப்பது) நடக்கும், வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும். இரண்டு மருந்தும் தனித்தனியாக 80 முதல் 125 சதவீத எல்லைக்குள் நிற்க வேண்டும்.

24 மணி நேரம் மாத்திரை வயிற்றிலேயே இருக்குமா?

இருக்காது. சிறுகுடலைக் கடக்க மூன்று, நான்கு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் பெருங்குடலில். அதனால் 24 மணி நேர மாத்திரை வேண்டுமென்றால் அந்த மருந்து பெருங்குடலிலும் உறிஞ்சப்பட வேண்டும். மெட்டோப்ரோலால் உறிஞ்சப்படுகிறது, அதனால்தான் இந்த வித்தை பலிக்கிறது. சிறுகுடலின் மேல்பகுதியில் மட்டும் உறிஞ்சப்படும் மருந்தை நாள் முழுக்க மெதுவாக விட்டால் கழிப்பறைக்குத்தான் போய்ச்சேரும்.

மது அருந்துபவர்களுக்கு இந்த மாத்திரை ஆபத்தா?

உருவாக்குபவர் கேட்க வேண்டிய கேள்வி இது. எத்தில் செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். நாள் முழுக்க வர வேண்டிய மருந்து மொத்தமாகக் கொட்டிவிடலாம். 2005இல் அமெரிக்காவில் பாலடோன் என்ற வலிநிவாரணி கேப்சூலை மதுவோடு சேர்ந்தால் இப்படி ஆகிறது என்றுதான் சந்தையிலிருந்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு அமிலக் கரைசலில் 5, 20, 40 சதவீத எத்தனால் கலந்து இரண்டு மணி நேரம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கல்லூரியில் யாரும் கேட்பதில்லை. செய்து காட்டினால் உங்கள் அறிக்கை தனித்துத் தெரியும்.

பாதியாக உடைத்துச் சாப்பிடலாமா? மென்று சாப்பிடலாமா?

மெல்லவே கூடாது, பொடிக்கவும் கூடாது. மூக்குக்குழாய் வழியாக உணவு கொடுக்கும் நோயாளிக்குப் பொடித்துக் கொடுத்துவிடும் தவறு நடக்கிறது; அப்படிப்பட்டவருக்கு மருத்துவரிடம் சொல்லி வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பெல்லட் வகை மெட்டோப்ரோலால் மாத்திரையில் நடுவில் கோடு இருந்தால் பாதியாக்கலாம், மணிகள் அப்படியேதான் இருக்கும். மேட்ரிக்ஸை உடைத்தால் புது மேற்பரப்பு திறக்கும், வேகம் கூடும். பம்ப் வகையை உடைத்தால் பம்பே இல்லை. இரண்டடுக்கு மாத்திரையைப் பாதியாக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தால் ஒழியத் தொடாதீர்கள்.

மலத்தில் முழு மாத்திரை வருகிறதே, மருந்து வேலை செய்யவில்லையா?

பம்ப் வகையில் அது வெறும் ஓடு. மருந்து போய்விட்டது, சவ்வு கரையாது. பயப்பட வேண்டாம்.

நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடலாமா?

மெட்டோப்ரோலால் உள்ளதைச் சடாரென்று நிறுத்தக் கூடாது. இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். மருத்துவர் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார். கூட்டு மாத்திரையின் ஒரு குறையே இதுதான்: ஒன்றை மட்டும் குறைக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லாத பிரஷருக்கு, மெட்டோப்ரோலால் மாதிரியான பீட்டா தடுப்பான் பல வழிகாட்டுதல்களில் இப்போது முதல் தேர்வு இல்லை. நெஞ்சுவலி, மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள் என்று காரணம் இருப்பவர்களுக்குத்தான் இந்த ஜோடி. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது என்று வாங்கிப் போடாதீர்கள்.

இரவில் போட்டால் நல்லதா?

விடியற்காலையில் அழுத்தம் ஏறும் என்பதால் இரவில் போட்டு, நாலைந்து மணி நேரம் கழித்து மருந்தை விட ஆரம்பிக்கும் வெராபமில் மாத்திரைகள்கூட வந்தன. பிரிட்டனில் 21,104 பேரை வைத்து நடந்த டைம் ஆய்வு 2022இல் வெளியானது. காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதக் கணக்கில் வித்தியாசம் இல்லை. மறக்காத நேரம் எதுவோ அதில் போடுங்கள்.

இந்தியாவில் அனுமதி எப்படி?

2019ஆம் ஆண்டு விதிகளின்படி, மருந்தை மெதுவாக விடும் எந்த வடிவமும் எப்போதுமே "புதிய மருந்து"தான். மூலக்கூறு எத்தனை பழையதானாலும் மத்திய அனுமதி வேண்டும். கூட்டு என்றால் ஏன் சேர்த்தீர்கள் என்பதற்கும் பதில் வேண்டும். 2016 மார்ச்சில் மத்திய அரசு ஒரே மூச்சில் 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது நினைவிருக்கலாம். வழக்குகளுக்குப் பிறகு 2018 செப்டம்பரில் 328க்குத் தடை வந்தது. சேர்க்க முடிந்தது என்பதற்காகச் சேர்த்தவை அதில் நிறைய.

புராஜெக்டுக்கு எந்த ஜோடியை எடுக்கலாம்?

ஜோடியை அப்புறம் பார்ப்போம். முதலில் ஒரு துண்டுச் சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: அரை ஆயுள், குடலில் எங்கெல்லாம் உறிஞ்சப்படுகிறது, எதோடு ஒத்துப்போகாது, இரண்டையும் சேர்த்து எந்த நோயாளிக்குக் கொடுப்பார்கள். நான்காவது வரி காலியாக இருந்தால் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள்.

எனக்கு விருப்பமான வேலை ஒன்று இருக்கிறது: மெட்டோப்ரோலால் மேட்ரிக்ஸை டெல்மிசார்டனின் கார அடுக்கோடு ஒட்டிவைத்து, எல்லைக்கோட்டில் என்ன நடக்கிறது என்று ஆறு மாதம் பார்ப்பது. 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம், ஒரு தட்டில் அலு-அலு (இருபுறமும் அலுமினியத் தகடு) அட்டை, இன்னொன்றில் சாதாரண பி.வி.சி. அட்டை. பாலிமர் வாங்கும்போது முழு ஆய்வுக்கும் வேண்டியதை ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள்.